சேரா மரத்துப் பால்

பொதிகை மலைச்சரிவில் உலகம்மை என்றொரு ஞானி சின்னதாக ஒரு மடம் வைத்திருந்தாள். அம்பலவாணன் என்பவர் அவளிடம் சீடராக வந்து சேர்ந்தார். குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். அதனாலென்ன, துக்கம் வயசு பார்த்தா வருகிறது?

அவர் பெண்டாட்டி ஆவுடை செத்துப்போயிருந்தாள். வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாமல் மலையேறி வந்துவிட்டார். கையோடு கொண்டுவந்தது அவளுடைய மர அஞ்சறைப்பெட்டி ஒன்றுதான். அதையாவது சும்மா விட்டாரா? திறந்தால் சீரகமும் வெந்தயமுமாக அவள் ஞாபகம் வருகிறதென்று உளியால் சுரண்டினார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். வெயிலில் போட்டு வாட்டினார். பெட்டி வெளிறிப்போனது, வாசமும் போனது. ஏக்கம் மட்டும் போன பாடில்லை.

"தாயே, இந்த ஏக்கம் என்னைக்குத் தீரும்?" என்று கேட்டார். "தீர்ந்தாத்தான் வீட்டுப் படி ஏற முடியும். மக கோமு அங்க ஒத்தையில கெடக்கா. மலைக்கு வாறவங்ககிட்ட எல்லாம் சொல்லிவிடுதா, அப்பா எப்ப வருவாகன்னு."

உலகம்மை எழுந்தாள். சேரா மரத்தைக் கீறி எடுத்த பாலைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தாள்.

"பெட்டிக்கு வெளிய மட்டும் மெருகாப் பூசுங்க. உள்ள வேணாம். காஞ்சதும் கொண்டாங்க."

அந்தப் பால் பட்டால் தோல் வெந்துவிடும். கைக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, துணியில் தொட்டுப் பூசினார். பூசியது கறுத்துக்கொண்டு வந்தது. காய வேண்டுமே என்று சுள்ளென்று வெயில் அடிக்கிற பாறையில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் தொட்டால் பிசுபிசுப்பு. அடுப்போரம் வைத்தார். அங்கேயும் அதே கதை. தூசியும் கொசுவும் அப்பிக்கொண்டதுதான் மிச்சம்.

"சனியன், காயவே மாட்டேங்கு தாயே!"

"எங்க வச்சீங்க?"

"வெயில்லதான். வேற எங்க வைக்க?"

உலகம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசச் சொன்னாள். மடத்துக்குப் பின்னால், சுனையை ஒட்டி ஒரு அறை இருந்தது. பெட்டியை அங்கே வைக்கச் சொல்லி, சுற்றிலும் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டாள். தரையெல்லாம் தண்ணீரை வாரித் தெளித்தாள்.

"நல்லாருக்கே! காய வைக்கதுக்கா தண்ணி தெளிக்கீங்க?"

"இந்தப் பால் ஈரக்காத்துலதான் இறுகும். வெயிலுக்கெல்லாம் மசியாது. நீங்க கூடவே இருந்து சாக்கு காயாமப் பாத்துக்கிடுங்க."

இருந்தார். ஈரம் ஏற ஏற மரம் ஊறியது. அத்தனை நாளும் எங்கே ஒளிந்திருந்ததோ, முதலில் சீரகம் மணத்தது. பின்னாலேயே வெந்தயம், மஞ்சள். ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்து தாளிக்கிற மாதிரியே இருந்தது.

மனிதர் எழுந்து ஓடத்தான் பார்த்தார். சாக்கு காய்ந்துவிடுமே! திரும்பவும் உட்கார்ந்தார்.

"ஏளா," என்றார் பெட்டியைப் பார்த்து. "என்னைய விட்டுட்டு எப்படிளா போன?"

அவளை எடுத்த அன்றைக்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அங்கே சின்னப்பிள்ளையாகத் தேம்பித் தேம்பி அழுதார். சாக்கு காய்ந்தபோதெல்லாம் நனைத்தார். அழுகை வந்தபோதெல்லாம் அழுதார்.

சில நாள் கழித்து உலகம்மை வந்து பார்த்தாள். பெட்டி கருகருவென்று மின்னியது. ஆனால் அம்பலவாணன் தலை குனிந்து நின்றார்.

"அவ வாசம் திரும்ப வந்துட்டு தாயே. நான் சுரண்டினது தேச்சதெல்லாம் வீணாப் போச்சு. இனி எப்படி நான் கோமுகிட்டப் போவேன்?"

"வாசம் இருக்கட்டும். பெட்டியத் தூக்குங்க."

இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"இப்பக் கீழ வைங்க."

வைத்தார்.

"வாசம் உள்ளயேதான் இருக்கு. கையில ஒட்டுதா?"