ஈரக்கயிறு கேட்ட வரம்

முள்ளிக்கோட்டையை ஒரு ராணி ஆண்டாள். அவள் அரண்மனையின் உள்வாசலைக் காத்தவர்கள் பெண்கள். ஆண் வாளுக்கு அங்கே இடமில்லை. ஆகா, எவ்வளவு பெருமை என்று உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த வாசலுக்குள் பெண்களைப் பெண்களே என்ன செய்தார்கள் என்பதுதான் கதை.

புதிதாகக் காவலுக்கு வருகிறவள் முதல் மழைக்காலம் முழுவதும் மூத்தவர்களிடம் அடிபட வேண்டும். உப்புநீரில் ஊறிய முடிச்சுக் கயிறு. தூணைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாயிலிருந்து சத்தம் வந்தால் அடி முதலிலிருந்து தொடங்கும். கயிறு, காவல்தலைவி மாசாத்தியின் கையில்.

ஓர் ஆண்டு எயினி, நக்கை என்று இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

"என்னடி, ஆத்தா ஞாபகமா? கண்ணு கலங்குது?" என்றாள் மாசாத்தி. நக்கையின் முதுகுத் தோல் கிழிந்து தொங்கியது.

"இல்லக்கா. மழை."

மூத்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பதிலுக்கென்றே அடுத்த அடி எலும்பில் இறங்கியது. நக்கை அலறினாள். மறுபடி முதலிலிருந்து.

எயினி தன் முறையில் கீழுதட்டைக் கடித்துக் கிழித்துக்கொண்டாள். ரத்தத்தைத் துப்பினாள், சத்தம் வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நக்கையும் அதைக் கற்றாள். விலா முறிந்த அன்றுகூட அவள் வாய் திறக்கவில்லை.

"களிமண்ணா வந்துதுங்க. செங்கல்லா ஆக்கிட்டேன்" என்று மாசாத்தி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள்.

மறு ஆண்டு, ஒரு நடுப்பகலில், பகைவர்கள் பின்மதிலில் ஏறினார்கள். அங்கே காவலில் இருந்தவள் நக்கை, தனியாக. முதலில் மதிலைப் பற்றியவனின் விரல்களை வெட்டினாள். அடுத்தவன் கழுத்தில் வாளைப் பாய்ச்சினாள். மூன்றாமவனின் கத்தி அவள் வயிற்றைக் கிழித்தது. சரிந்த குடலை ஒரு கையால் பிடித்தபடி, மறுகையால் வெட்டிக்கொண்டே செத்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் கோட்டையின் வில்லாளிகள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அவள் கூப்பிடவேயில்லை.

பகைவர்கள் உள்வாசலை அடைந்தார்கள். அங்கே எயினி. ஓர் ஈட்டி அவள் தோளைத் துளைத்துக் கதவில் இறங்கியது. கதவோடு அறையப்பட்ட நிலையிலும் அவள் வலது கை நிற்கவில்லை. காலடியில் பிணங்கள் விழுந்தன. வாள்கள் கதவில் மோதும் ஓசை கேட்டுத்தான் வில்லாளிகள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் மிஞ்சிய பகைவரை அங்கேயே கொன்று தீர்த்தார்கள்.

"கதவைக் காத்தவள் எதைக் கேட்டாலும் தருவேன்" என்று ராணி சபையறிய வாக்குக் கொடுத்தாள்.

எயினி தோள்கட்டோடு வந்தாள். அன்றுதான் அடுத்த மழைக்காலத்துப் புதுப்பெண்கள் வந்து முற்றத்தில் நின்றார்கள். பக்கத்தில் தொட்டியில் கயிறு ஊறிக்கொண்டிருந்தது.

"அந்தக் கயித்தக் கொளுத்தணும்மா. இந்தப் பொண்ணுங்க மேல ஒரு அடி விழக் கூடாது."

மாசாத்தி முன்னே வந்தாள். "தாயே, வரம் என்னோடது. ஈட்டி ஏறியும் இவ விழலையே, அந்த நெஞ்சுரத்த யார் குடுத்தா? நான். கயிறு காலத்துக்கும் தொடரணும், அதுதான் நான் கேக்குறது."

ராணி எயினியைப் பார்த்தாள். "உண்மையைச் சொல். அடிபடாமல் இருந்திருந்தாலும் நீ நின்றிருப்பாயா?"

எயினி தொட்டியில் ஊறிய கயிற்றைப் பார்த்தாள்.

"தெரியலம்மா. அடிபடாத எயினிய நான் பாத்ததே இல்ல."

"கேட்டீங்களா!" என்று சிரித்தாள் மாசாத்தி. முற்றத்தில் ஒரு பெண் தூணைப் பார்த்தபடி பின்னால் நகர்ந்தாள்.

வாக்கு ஒன்று. கேட்பவர்கள் இருவர். ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவளுக்கு இல்லை. படிக்கிற நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்: அந்த வரம் யாருக்கு உரியது?

விடை: எயினிக்கு. அவள் 'தெரியல' என்றதும் மாசாத்தி ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தீர்களானால், நக்கையை அதற்குள் மறந்துவிட்டீர்கள். ஒரே கயிறு, ஒரே கை, இரண்டு முதுகுகள். நின்றவள் மாசாத்தியின் கைவேலை என்றால், கூப்பிடாமல் செத்தவள் யார் கைவேலை? பகைவர்கள் கதவுவரை வந்ததே அந்த ஊமைத்தனத்தால்தானே! வீட்டுக்குத் தீ வைத்தவள், எரியாமல் மிஞ்சிய உத்தரத்தைக் காட்டிக் கூலி கேட்கலாமா? அடிபடாத எயினி இன்னும் பலசாலியாக இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வழியையே பறித்தவள், பறித்ததையே தனக்குச் சாட்சியாகக் கொண்டு வருகிறாள். அதற்குப் பெயர் பயிற்சி இல்லை, திருட்டு.

ராணியும் அப்படியே தீர்த்தாள். கயிறு எரிந்தது. எயினி புதுப்பெண்களைப் பின்மதிலுக்கு அழைத்துப்போய், "வாள் அப்புறம். முதல்ல ஊரே கேக்கக் கத்துங்கடி, பாப்போம்" என்றாள். யாரும் கத்தவில்லை. கடைசியில் ஒருத்தி மட்டும் மெல்லக் கேட்டாள்:

"கத்தினா அடிக்க மாட்டீங்கல்ல, அக்கா?"