சந்தனராஜின் மூச்சும் ஒரு கிடாயும்

ஒரு கிடாய்க்கு மூன்று பக்கத்திலிருந்து உரிமை கேட்கிறார்கள். பஞ்சாயத்து உங்களுடையது. நான் எதையும் ஒளிக்கப் போவதில்லை, கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் மேடுகள் சூழ்ந்த ஒரு தேரி ஊரில் சந்தனராஜ் என்றொரு கபடிக்காரன். முழங்காலில் பட்ட சிராய்ப்பு சீழ் பிடித்து, அவனுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிட்டன. மறுநாள் இறுதி ஆட்டம். பரிசு கொழுத்த கிடாய். வீட்டில் படுத்திருக்க மனம் வருமா? மருந்துக்கடை வைத்திருக்கும் மச்சான் ஜெபசிங், வீக்கமும் வலியும் குறைய மாத்திரை கொடுத்தான். காய்ச்சல் இறங்கியது. ஊரே ஜெபசிங்கைக் கைராசிக்காரன் என்றது.

ஆட்டத்தின் கடைசி முறை. ஒரு புள்ளி எடுத்தால் கிடாய், பிடிபட்டால் அது எதிரணிக்கு. சந்தனராஜ் பாடிப் போய் ஒருவனைத் தொட்டுவிட்டான். திரும்பும்போது எதிரணித் தலைவன் இசக்கிப்பாண்டி இடுப்போடு சேர்த்துப் பிடித்தான். அந்தப் பிடியிலிருந்து யாரும் தப்பியதில்லை. "கபடி கபடி" இன்னும் அறுபடவில்லை. ஆனால் பிடித்த கைக்குள் விலா படபடவென்று அடித்தது, உடம்பு சில்லிட்டிருந்தது. இசக்கிப்பாண்டி பிடியை விட்டான். சந்தனராஜ் நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தான். நடுவர் புள்ளி கொடுத்தார். சொந்த அணி திட்டத் திட்ட இசக்கிப்பாண்டி சொன்னது இவ்வளவுதான்: "ஏல, இவன் மூச்சு சரியில்ல. வண்டிய எடுங்க."

சீழிலிருந்த கிருமி ரத்தத்தில் கலந்து நுரையீரலைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்றார் டாக்டர் மெர்லின். கிருமியைக் கொல்லும் ஊசியும் ஆக்சிஜனும் கொடுத்தார். கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்.

பிழைத்த சந்தனராஜ், தன்னைக் காப்பாற்றியவருக்கே கிடாய் என்று அறிவித்தான். அணியும் சம்மதித்தது.

"நுரையீரல்லயும் வீக்கந்தானய்யா வருது? என் மாத்திரதான் அத அடக்கிச்சு" என்றான் ஜெபசிங். அதற்கு ஆதாரமில்லை என்ற டாக்டர், ஊசி போட்டது யார் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இசக்கிப்பாண்டிக்காக அவன் அணி கேட்டது.

கிடாய் யாருக்குச் சேர வேண்டும்? சொல்லுங்கள்.

விடை: ஜெபசிங்குக்கு இல்லை. அந்த மாத்திரை காய்ச்சலை இறக்கும், வலியை அடக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் நுரையீரலைக் காக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு அது காய்ச்சலை மறைத்து ஆளை ஆடவும் அனுப்பியது. உயிரை மீட்டது டாக்டரின் வைத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கையிலிருந்து எதுவும் போகவில்லை. பிந்தாமல் அவரிடம் சேர வழி செய்தவன் இசக்கிப்பாண்டி; அவன் மட்டும்தான் கைக்கு வந்த கிடாயை விட்டான், அதுவும் எதிரணிக்காரனுக்காக. ஆகவே கிடாய் அவனுக்கே. அதை அறுத்து இரண்டு அணிக்கும் சோறு போட்டான், பரிமாறியது ஜெபசிங்.