தட்டில் வைத்த மாத்திரை

மதகு திறக்கும்போது முதலில் தரை அதிரும். பிறகுதான் சத்தம் வரும். அணையின் அடிவயிற்றிலிருந்து எழும் அந்த உறுமலை முதன்முதலில் கேட்டபோது கோமதிநாயகத்துக்கு வயது இருபத்தொன்று. மதகுக் காவலர் வேலை. முப்பத்தேழு வருடம் அந்தச் சத்தத்தோடு இருந்தார். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தை நடத்தியவர் வடிவம்மை. நாற்பது வயது, முன்பு நர்ஸாக இருந்தவர். அவரைவிடப் பெரியவர்களும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம். தீட்சை பெறுகிறவர், எது இல்லாமல் தன்னால் இருக்க முடியாதோ அதைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் மோதிரம் வைத்தார். இன்னொருவர் மூக்குப்பொடி டப்பா. கோமதிநாயகம் பிரஷர் மாத்திரை அட்டையை வைத்தார்.

"இது எதுக்கு ஐயா?"

"இது இல்லாம இருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. அதான் இதையே விட்டுட்டேன். பத்து நாளாச்சு, ஒண்ணும் செய்யலை. எல்லாம் தியானம்தான் அம்மா." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அம்மா எழுந்தார். உள்ளே போய் பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து வந்தார். பட்டையை அவர் கையில் சுற்றினார். ஸ்டெதஸ்கோப்பைத் தன் காதில் மாட்டாமல் அவர் காதில் மாட்டினார். ரப்பர் பந்தை அமுக்க அமுக்கப் பட்டை இறுகியது.

"என்ன கேக்குது?"

"ஒண்ணுமில்லை."

அம்மா பட்டையின் காற்றை மெல்ல விட்டார். பாதரசம் இறங்கியது. கோமதிநாயகம் சட்டென்று நிமிர்ந்தார்.

தொம். தொம். தொம்.

அதே மதகு. அதே உறுமல், சின்னதாக, அவருக்குள்ளேயே. யார் திறக்கிறார்கள், யார் மூடுகிறார்கள்? அவர் தூங்கியபோதும், மனைவியைத் தூக்கிக்கொண்டு போன அன்றும்கூட, ஒரு நாள் விடுப்புக் கேட்காமல் நடந்த வேலை. அவருக்குக் கண் நிறைந்தது. சத்தம் மங்கி அடங்கிய பிறகும் காதிலிருந்து குழாயை எடுக்க மனம் வரவில்லை.

"சத்தம் எந்தக் கோட்டிலே ஆரம்பிச்சுது?"

"நூத்தித் தொண்ணூறு."

"அணையிலே தண்ணி ஏறும்போது சத்தம் கேக்குமா ஐயா?"

"கேக்காது. அளவுகோலைப் பார்த்தாத்தான் தெரியும்."

"என்னிக்காவது கோலைப் பார்க்காம, தியானம் பண்ணிட்டு உக்காந்திருக்கீங்களா?"

"ஐயோ! கீழே ஊரு இருக்கே அம்மா!"

சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார்.

அம்மா தட்டிலிருந்து அட்டையை எடுத்தார். ஒரு மாத்திரையைப் பிரித்து, தண்ணீரோடு கொடுத்தார். அவர் விழுங்கினார்.

"உள்ளே போனப்பவே வண்டிக்குச் சொல்லிட்டேன். இப்பவே டாக்டர்கிட்டே போறோம்."

கோமதிநாயகம் காலித் தட்டைப் பார்த்தார்.

"அப்ப நான் எதைத்தான் விடறது?"

"மடத்துச் சாப்பாட்டிலே உப்பு பத்தலைன்னு, தினமும் இலைக்கு அடியிலே மறைச்சு வெச்சுத் தொட்டுக்கிறீங்களே, அந்த உப்பு நார்த்தங்காய்."

அவர் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். உள்ளே ஜாடி இருந்தது.

"அவ கடைசியாப் போட்டது அம்மா."

"தெரியும் ஐயா. அதனாலேதான் தட்டை இன்னும் எடுக்கலை."

வாசலில் வண்டி வந்து நின்றபோது ஜாடி தட்டுக்கு வந்தது.

கோமதிநாயகம் எண்பத்திரண்டு வயது வரை இருந்தார்.