முக்குளிப்பானின் மூன்றாவது பரீட்சை

ஒரு பெரிய ஏரி. அதில் முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவை ஒன்று வாழ்ந்து வந்தது. மார்கழி பிறந்தால் பனிமலைகளைத் தாண்டி வாத்துக் கூட்டம் அந்த ஏரிக்கு வரும். வாத்துகள் பேசுவது என்ன மொழியோ, ஏரிப் பறவைகள் எல்லாம் அதை இங்கிலீஷ் என்றுதான் சொல்லும்.

இங்கிலீஷ் பரீட்சையில் தேறினால் வாத்துகளுக்கு வழிகாட்டும் வேலை கிடைக்கும். எந்தக் கரையில் புல் நன்றாக இருக்கிறது, எங்கே மீனவர்கள் வலை கட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். கௌரவமான வேலை. அதனால் மைனா சாரின் டியூஷனுக்கு ஏகப்பட்ட கூட்டம். அவருடைய கருவேல மரத்தில் உட்காரக் கிளை கிடைக்காது.

மைனா சார் நல்லவர். பழைய கேள்வித்தாள்களைப் புரட்டிப் பார்த்து, இந்த வருஷம் எந்தக் கேள்வி வரும் என்று சொல்லிவிடுவார். பதிலையும் அவரே கொடுத்துவிடுவார். "அர்த்தம் கேட்டு நேரத்தை வீணாக்காதீங்க. அர்த்தத்துக்கு மார்க் கிடையாது" என்பார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்வார்கள்.

முக்குளிப்பானுக்கு மட்டும் ராசியே இல்லை. முதல் வருஷம் அது கதையைப் படித்தது, கடிதம் கேட்டார்கள். அடுத்த வருஷம் விடுப்புக் கடிதத்தைப் படித்தது, கதை கேட்டார்கள். மூன்று தடவைக்கு மேல் பரீட்சை எழுத முடியாது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி.

அந்த இரண்டாவது வருஷம்தான் அது நடந்தது. வடகரையில் வலை கட்டியிருந்தது. வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாத்துக் குஞ்சு நீந்தி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த முக்குளிப்பான் பதறிப் போய்க் கத்தியது. ஆனால் அதற்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அந்த விடுப்புக் கடிதம் ஒன்றுதான்!

"மதிப்பிற்குரிய ஐயா, நேற்றிலிருந்து எனக்குக் கடும் காய்ச்சல்" என்று இங்கிலீஷில் அலறியது.

குஞ்சுக்குப் பாவமாகிவிட்டது. யாருக்கோ காய்ச்சலாம் என்று இன்னும் வேகமாக அதன் பக்கம் வந்தது. வலையில் சிக்கியது. மற்றப் பறவைகள் வலையை அறுத்துக் காப்பாற்றின, ஆனால் ஒரு சிறகு ஒடிந்துவிட்டது. பங்குனியில் வாத்துகள் கிளம்பிப் போனபோது குஞ்சால் பறக்க முடியவில்லை. நாணல் புதரில் அது தனியாகத் தங்கிவிட்டது. அதை நினைத்தால் முக்குளிப்பானுக்கு மீன் தொண்டையில் இறங்காது. இனி ஒரு குஞ்சுக்கும் இப்படி ஆகக் கூடாது, எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று அது தவித்தது.

ஆவணி மாதம் ஏரித் தலைவர் கூழைக்கடா ஓர் அறிவிப்புச் செய்தார். "இனிமேல் எழுத்துப் பரீட்சை இல்லை. வாத்தே நேரில் கேள்வி கேட்கும். நேரில் பதில் சொல்ல வேண்டும்."

மைனா சாரின் பழைய கேள்வித்தாள்கள் எல்லாம் வீணாயின. அடுத்த மரத்து மீன்கொத்தியோ மறுநாளே, 'புது முறைக்கு நூறு கேள்வி, நூறு பதில்' என்று டியூஷன் ஆரம்பித்துவிட்டது. கருவேல மரம் ஒரே வாரத்தில் காலியானது. முக்குளிப்பான் மட்டும் மிச்சம்.

"நீயும் அங்கே போயிடும்மா. இது உனக்குக் கடைசி தடவை" என்றார் மைனா சார்.

"ஏன் சார், உங்களுக்குத் தெரியாத இங்கிலீஷா?"

மைனா சார் பழைய கேள்வித்தாள்களை ஒதுக்கி வைத்தார். பிறகு சொன்னார். "பத்து வருஷமா இங்கிலீஷ் சொல்லித் தரேன். இதுவரைக்கும் ஒரு வாத்துகிட்டகூடப் பேசினதில்லை. தப்பாயிடுமோன்னு பயம்."

முக்குளிப்பானுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பாசம்தான் வந்தது. "நான் ரெண்டு தடவை ஃபெயில் சார். எனக்கு அந்தப் பயமெல்லாம் போயிடுச்சு. நாணலில் அந்தக் குஞ்சு தனியாத்தானே கிடக்கு? வாங்க, போய்ப் பேசலாம்."

போனார்கள். குஞ்சின் எதிரே போய் முக்குளிப்பான் நின்றது. தனக்குத் தெரிந்ததையே சொன்னது. "மதிப்பிற்குரிய ஐயா..."

குஞ்சு நிமிர்ந்து பார்த்தது. அருகில் வந்து முக்குளிப்பானின் நெற்றியில் அலகை வைத்துப் பார்த்து, ஏதோ கேட்டது. அதில் ஒரு சொல் முக்குளிப்பானுக்குத் தெரிந்திருந்தது. காய்ச்சல். இத்தனை மாதமாக அந்தக் குஞ்சு இதன் காய்ச்சலை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறது! முக்குளிப்பான் அழுதுவிட்டது. மைனா சாரும்தான்.

அன்று முதல் இருவரும் தினமும் நாணலுக்குப் போனார்கள். புல்லைக் காட்டினால் குஞ்சு அதற்குப் பெயர் சொல்லும். வலையைக் காட்டினால் நடுங்கிக்கொண்டே சொல்லும். சில நாள் வானத்தைக் காட்டி, தானாகவே ஒரு சொல்லைச் சொல்லும். அது அம்மா.

மார்கழி வந்தது. வாத்துகள் இறங்கிய அன்றே தென்கரையில் பரீட்சை. கேள்வி கேட்க வந்த வாத்து, கூழைக்கடா கொடுத்த கேள்வித்தாளைப் பார்க்கவே இல்லை. முதலில் நின்ற நாரையிடம் தழுதழுத்த குரலில் ஏதோ கேட்டது.

"என் பெயர் நாரை. எனக்கு மாம்பழம் பிடிக்கும்" என்றது நாரை, மூச்சு விடாமல்.

வாத்து அடுத்த கொக்கிடம் அதையே கேட்டது. கொக்கு மழைநீர் சேமிப்பின் நன்மைகளை ஒப்பித்தது.

முக்குளிப்பானிடமும் வாத்து அதையே கேட்டது. அதில் மூன்று சொற்கள் முக்குளிப்பானின் காதில் விழுந்தன. குஞ்சு. சிறகு. உயிர்.

இது அந்தக் குஞ்சின் அம்மா என்று முக்குளிப்பானுக்குப் புரிந்துவிட்டது. "குஞ்சு இருக்கு. நல்லா சாப்பிடுது. தினம் அம்மா சொல்லுது. என் பின்னால வா" என்று இங்கிலீஷில் சொன்னது. நாலே வாக்கியம், அதில் ஆறு தப்பு. தப்பை எண்ணுவதுதான் மைனா சாரின் தொழில். அன்று எண்ண மறந்துவிட்டார்.

"பரீட்சை முடியறதுக்குள்ளே வெளியே போனா ஃபெயில்" என்றார் கூழைக்கடா. "உனக்கு இது கடைசி தடவை, ஞாபகம் இருக்கட்டும்."

முக்குளிப்பான் ஒரு கணம் நின்றது. பிறகு தண்ணீரில் இறங்கி நீந்தியது. வாத்து அதன் பின்னால் போனது. என்னதான் நடக்கிறது என்று கூழைக்கடாவும் போனார்.

நாணல் ஓரத்தில் குஞ்சு நின்றிருந்தது. தாய் அதைத் தன் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. இரண்டும் நெடுநேரம் பேசிக்கொண்டன. பிறகு தாய் வாத்து கூழைக்கடாவிடம் திரும்பி ஏதோ சொன்னது.

கூழைக்கடா விழித்தார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. "என்ன சொல்லுது?" என்று மெல்ல முக்குளிப்பானைக் கேட்டார்.

முக்குளிப்பான் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டது. "நான் பாஸாம் ஐயா."

எதிரில் நிற்பவரின் மனசைப் புரிந்துகொண்டு ஒரு வார்த்தை பதில் சொல்ல முடிந்தால், அதுவே நாம் படித்த படிப்புக்கு முழு மார்க்.