அரை விநாடி

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு நாற்பத்தாறு. திரைப்படப் பள்ளியில் இதெல்லாம் சகஜம்.

குருவின் பெயர் ஃபிலோமினா. பதினான்கு வருஷம் படப்பிடிப்புகளில் கன்டினியூட்டி பார்த்தவர். இன்று எடுத்த ஷாட்டில் கதாநாயகன் கையில் பாதி டம்ளர் காபி இருந்தால், அடுத்த மாதம் எடுக்கிற ஷாட்டிலும் அதே பாதி இருக்கிறதா என்று காவல் காக்கிற வேலை அது. தப்பு நடந்தால் திட்டு இவருக்கு. நடக்காவிட்டால் இப்படி ஒருத்தர் அங்கே நின்றதே யாருக்கும் தெரியாது.

சீடர் தணிகைவேல். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை ஒரு வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் சொன்ன ஆசாமி. அன்றிலிருந்து சுகந்தி, அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி வந்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் போடவில்லை.

முதல் வகுப்பில் தணிகைவேல் எழுந்து நின்று கேட்டார்.

"கன்டினியூட்டின்னா என்ன மேடம்?"

"நாளைக்குச் சொல்றேன். காலைல வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாசல்ல நின்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க சார். கண்ணுல பட்டதையெல்லாம் எழுதிக்கிட்டு வாங்க."

மறுநாள் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நாற்பத்தொரு வரிகள். கடிகாரத்தில் மணி எட்டு பன்னிரண்டு. மேஜை மேல் மூடி போடாத ஊறுகாய் பாட்டில். நாற்காலி முதுகில் ஈரத் துண்டு, இடப் பக்கம் இறங்கித் தொங்குகிறது. முப்பத்தாறாவது வரி: சுகந்தி, சமையலறை நிலைப்படி அருகே.

ஃபிலோமினா அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"லுக் எந்தப் பக்கம்?"

"லுக்கா?"

"எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நின்னாங்க?"

தணிகைவேல் யோசித்தார். "கவனிக்கல மேடம்."

"துண்டு எந்தப் பக்கம் தொங்குதுன்னு கவனிச்சிருக்கீங்க."

வகுப்பில் எல்லோருக்கும் இருபது வயது. சிரித்தார்கள். தணிகைவேலும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"எழுதிக்குங்க சார். ஆள் எங்க நிக்கறாங்கங்கறது பாதி வேலைதான். ஒருத்தர் ஒரு பக்கம் பார்த்தா, அடுத்த ஷாட்ல அவங்க பார்த்தது வரணும்."

தணிகைவேல் அதை எழுதி, அடிக்கோடும் போட்டார்.

மூன்றாம் மாதம் எல்லோரும் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். பயிற்சி சுலபமானது. ஒருவர் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வேண்டும். ஆறு ஷாட். நடுவில் வெட்டியது கண்ணுக்குத் தெரியக் கூடாது.

கணவன் குடித்து வைத்த காபி டம்ளரை மனைவி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகிறாள் என்று தணிகைவேல் எழுதினார். சுகந்தியே நடிக்கட்டும் என்று தீர்மானித்தார். சேர்ந்து ஒரு வேலை செய்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஏங்கினார். அதையே அவளிடம் சொல்லியிருக்கலாம்.

"ஆள் கிடைக்கல. நீதான் நடிக்கணும்" என்றார்.

"என்ன செய்யணும்?"

"டம்ளரை எடுத்துக்கிட்டுப் போகணும்."

"தினமும் அதைத்தானே செய்யறேன்" என்று சுகந்தி ஒப்புக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு காலை ஹால் பகுதியை எடுத்தார். அதற்குள் பள்ளியின் கேமரா வேறொரு குழுவுக்குப் போக, சமையலறைப் பகுதிக்குப் பதினெட்டு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பதினெட்டு நாளும் தணிகைவேல் சும்மா இருக்கவில்லை. சேலையைத் துவைக்க விடாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, 'சேலை, ஜாக்கெட், கண்ணாடி வளையல் 6' என்று சீட்டு எழுதி ஒட்டினார். அவளிடம் நகம் வெட்டாதே என்றார். எடுத்து வைத்திருந்த அறுபத்திரண்டு போட்டோக்களுக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பெயர் கொடுத்தார். கொசுவத்துக்கு மட்டும் ஒன்பது போட்டோ.

பதினெட்டாம் நாள் அதே சேலை, அதே அரை முழம் மல்லி, டம்ளரில் அதே இரண்டு விரல் காபி. ஹாலில் இடமிருந்து வலமாகப் போனவள் சமையலறையிலும் இடமிருந்து வலமாகவே வந்தாள். தணிகைவேலுக்குத் தன் மேலேயே பெருமையாக இருந்தது.

எடிட்டிங் அறையில் ஃபிலோமினா படத்தை ஓட்டிப் பார்த்தார். நிலைப்படியைத் தாண்டத் தூக்கிய கால் முதல் ஷாட். உள்ளே வைத்த கால் அடுத்த ஷாட். அந்த இடத்தில் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார், முன்னால் ஓட்டினார்.

"கால் விரலைப் பாருங்க சார்."

தூக்கிய காலில் மெட்டி இருந்தது. வைத்த காலில் இல்லை. மெட்டி இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தது.

தணிகைவேல் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எதையும் மாத்தாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் மேடம்!"

"எப்பக் கழட்டினாங்க?"

"தெரியலையே."

"ரெண்டு ஷாட்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

"அரை விநாடி."

"அது படத்துல. வீட்டுல?"

தணிகைவேல் அந்தக் கால் விரலையே மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"நடுவுல அடுப்பைக் காட்டி மறைச்சிடலாம். யாருக்கும் தெரியாது" என்றார் ஃபிலோமினா.

"வேணாம் மேடம். திரும்ப எடுத்துடறேன்."

ஃபிலோமினா கேமராவுக்கான சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் சுகந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மெட்டி எங்கே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு நொடி அவள் முகத்தில் ஏதோ வந்தது. "எப்பப் பார்த்தீங்க?"

"ஷாட்ல தெரியுது."

"ஓ. ஷாட்ல." மறுபடி துணியை மடித்தாள்.

"எப்பக் கழட்டின?"

"முதல்ல படம் எடுத்தீங்களே, அதுக்கு மறுநாள்."

"என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"நீங்க இங்கேதான் உட்கார்ந்திருந்தீங்க. போட்டோவுக்குப் பேர் வெச்சுக்கிட்டு. இறுகிக் கிடந்தது, சோப்புப் போட்டு உருவினேன். ஒண்ணு வழுக்கி உருண்டு உங்க காலடியில வந்து விழுந்தது." சுகந்தி துணியைக் கீழே வைத்தாள். "நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க."

தணிகைவேலுக்கு அது ஞாபகம் வரவில்லை. எவ்வளவோ முயன்றும் வரவில்லை. அப்போதாவது அவர் அந்தத் துணிக் குவியலை ஒதுக்கிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் கேமராவை மறுநாள் சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"ஒரே ஒரு ஷாட்" என்றார். "அதுக்கு மட்டும் போட்டுக்கறியா?"

சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து அவர் பார்த்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும்.

"ஷாட்டுக்குத்தானே? போட்டுக்கறேன்."

மறுநாள் காலை எடுத்தார். காலில் தொடங்கி முகம் வரை கேமரா ஏறுகிற ஷாட். கால் சரியாக வந்தது. மெட்டி பளிச்சென்று இருந்தது. முகத்துக்கு வந்தபோது அவள் கண் அவரைத் தாண்டி வேறெங்கோ போயிருந்தது.

"லுக் அடுப்புப் பக்கம்" என்றார்.

அவள் அடுப்பைப் பார்த்தாள். அவர் கட் சொன்னதும் கண் பழைய இடத்துக்கே திரும்பிப் போயிற்று. இந்தத் தடவை தணிகைவேலும் திரும்பிப் பார்த்தார். வாசல். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவளுடைய நீலப் பை, ஜிப் போட்டுத் தயாராக இருந்தது.

சுகந்தி சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். மடித்துக் கவரில் வைத்தாள். குனிந்து மெட்டிகளைக் கழற்றி, சேலைக்கு மேல் போட்டாள். சீட்டில் வளையலுக்குக் கீழே தன் கையால் எழுதினாள்: 'மெட்டி 2'.

"ஆம்பூருக்குப் போறேன். அக்கா வீட்டுக்கு."

"எப்ப வருவே?"

"இன்னும் ஷாட் பாக்கி இருக்கா?"

தணிகைவேல் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாயிலிருந்து வந்ததென்னவோ நிஜம்தான்.

"இல்ல" என்றார்.

மறுவாரம் வகுப்பில் படத்தைப் போட்டார்கள். வெட்டிய இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபது வயதுக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருவன் விசில் கூட அடித்தான். எல்லோரும் கேண்டீனுக்குப் போன பிறகும் தணிகைவேல் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நல்லா மேட்ச் ஆயிருக்கு சார்" என்றார் ஃபிலோமினா.

"சுகந்தி போயிட்டா மேடம்."

ஃபிலோமினா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் ஷாட் இருக்கான்னு கேட்டா. இல்லேன்னுட்டேன்." தணிகைவேல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "திரும்பி வருவாளா மேடம்?"

ஃபிலோமினா ஃபைலைப் பிரித்தார். அடியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். முதல் வாரம் தணிகைவேல் எழுதிக்கொண்டு வந்த பட்டியல். முப்பத்தாறாவது வரியில் சிவப்புக் கேள்விக்குறி அப்படியே இருந்தது. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுக்கு நீங்க இன்னும் பதில் எழுதல சார். லுக் எந்தப் பக்கம்?"

தணிகைவேல் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"வாசல் பக்கம். அங்கே நான்தான் நின்னுக்கிட்டிருந்தேன்" என்றார்.

"அடுத்த ஷாட்ல எது வரணும்னு அன்னிக்கே எழுதிக்கிட்டீங்களே சார். அடிக்கோடு போட்டு."