ஒரு டீ, இரண்டு பெயர்

டாக்டர் மரியநேசன் குழந்தை வைத்தியத்திலேயே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழி அவரைப் பிடித்துக்கொண்டது. கற்றுக்கொடுத்த ஷகிலா அவர் மகளைவிட இளையவள். ஆனாலும் வாய் நிறைய ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மதியம் அவர் முகமே சரியில்லை.

“டீச்சர், கள்ளாங்குழிப் பிள்ளைங்களை எடை போட்ட தராசு ஒரு கிலோ கூடக் காட்டியிருக்கு. இப்பத்தான் தெரிஞ்சுது. நோஞ்சான் பிள்ளைங்க எல்லாம் கணக்குல கொழுகொழுன்னு இருக்கு. அந்த ஊருக்குச் சத்துணவு மையம் கிடைக்காமப் போயிரும்.”

“திருத்திட்டீங்களா?”

“‘எடை’ன்னு பேர் வச்ச பட்டியல்ல திருத்திட்டேன். உள்ளே இருக்கிற எண்ணை மாத்துற மாற்றுச் சார்பு, ஒரே வரி. ஆனா ‘அறிக்கை’யைத் திறந்தா பழைய எண்ணே நிக்குது. காலையில ‘எடை’க்குத்தானே ‘அறிக்கை’ன்னும் பேர் வச்சேன்? ரெண்டும் ஒண்ணுதானே?”

காரணம் தெரியாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஷகிலா அவருக்கு வைத்திருந்த டீ டம்ளரில் இரண்டு துண்டுச் சீட்டு ஒட்டினாள். ஒன்றில் ‘எடை’, இன்னொன்றில் ‘அறிக்கை’.

“டீ எத்தனை?”

“ஒண்ணு. பேருதான் ரெண்டு.”

“‘எடை’யில சர்க்கரை போடட்டுமா?”

“போடுங்க.”

அவள் அந்த டம்ளரைத் தொடவில்லை. பிளாஸ்கிலிருந்து அதே டீயை வேறொரு டம்ளரில் ஊற்றிச் சர்க்கரை கலக்கினாள். ‘எடை’ சீட்டைப் பிய்த்து இதில் ஒட்டினாள்.

டாக்டர் இரண்டையும் குடித்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் குடித்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அப்போ பழசை நான் தொடவே இல்லை! புதுசு ஒண்ணு பண்ணி, பேரை அதுக்கு மாத்தியிருக்கேன்!”

“ஆமா. ‘அறிக்கை’க்கு அது தெரியாது.”

“அதையும் மாத்திட்டாப் போச்சு.”

ஒரு வரி தட்டினார். திரையில் கள்ளாங்குழிப் பிள்ளைகள் பழையபடி மெலிந்தார்கள். ஒரு வைத்தியர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

“டீச்சர், காலையில கலெக்டர் ஆபீசுக்கு ‘அறிக்கை’யில ஒரு பிரதி அனுப்பினேனே. சாயங்காலம் அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க.”

ஷகிலா திருத்திய ‘அறிக்கை’யை அச்சடித்து அவர் முன்னால் வைத்தாள்.

“அத்தனை பேர் முன்னால போய், என் கணக்கு தப்புன்னு எப்படிச் சொல்றது? இங்கிருந்தே அதை மாத்த ஒரு வரி கிடையாதா?”

“அவங்க கையில இருக்கிறதை இங்கே உட்கார்ந்து யாராலயும் திருத்த முடியாது, டாக்டர். நீங்கதான் போய், அதை வாங்கிட்டு இதைக் கொடுக்கணும்.”