பூங்கோதையார் வாசலில் காத்திருந்த கதை

திருவாகைமங்கலத்துக் கோயில் மதிலோரம் முளைக்கும் புல்லையும் நெருஞ்சியையும் களைவதே பூங்கோதையாரின் திருப்பணி. இளம் வயதில் கண்ட காய்ச்சல் அவருடைய இரு கால்களையும் சூம்பச் செய்துவிட்டது. உட்கார்ந்தபடியே கைகளை ஊன்றி நகர்ந்து, ஒவ்வொரு புல்லையும் வேரோடு பிடுங்குவார். பிடுங்கும்போதெல்லாம் அக்கோயில் இறைவர் வாகைவனநாதரின் பெயரை உதடுகள் முணுமுணுக்கும்.

காலையில் அவரைத் தோளில் சுமந்து வந்து, சந்நிதியில் இருத்தி, தரிசனம் ஆனதும் மதிலோரம் விட்டுச் செல்பவர் தமையனார் மருதவாணர். அன்பில் குறைவில்லாதவர். ஆனால் அறுவடைக் காலத்தில் அவருக்கு நேரம் வாய்க்காது. அந்த நாள்களில் பூங்கோதையார் வீட்டிலேயே கிடந்து, தொலைவில் ஒலிக்கும் மணியைக் கேட்டுக் கண்ணீர் உகுப்பார். ‘ஒருநாளாவது நானாக உன்னிடம் வரவேண்டும்’ என்பதே அவர் வேண்டுதல்.

ஒரு வருஷம் ஆறு பொய்த்தது. மருதவாணர் மனைவி மக்களோடு வேறு ஊருக்குப் பிழைக்கப் புறப்பட்டார். தங்கையையும் அழைத்தார்.

“நான் வரலண்ணே. கோயில் வாசல் பக்கத்துல அந்தக் காலி வீடு இருக்கே, அதுல இருந்துக்கறேன்.”

“ஒன்னை ஒத்தையில விட்டுட்டு எப்படிம்மா போவேன்? ஒரு வாய்த் தண்ணி யாரு குடுப்பா?”

“அடுப்பைக் கைக்கெட்டுற மாதிரி தாழ்த்திப் போட்டுக் குடு. வத்தாத கோயில் குளம் வரைக்கும் சரிவா ஒரு பாதை வெட்டிக் குடு. தண்ணியை நானே எடுத்துக்கறேன்.”

மருதவாணர் மூன்று நாள் பயணத்தைத் தள்ளிப்போட்டார். நான்காம் நாள் மண்வெட்டியோடு வந்தார். அடுப்பைத் தாழ்த்தினார், பாதை வெட்டினார், கதவின் தாழ்ப்பாளைக் கீழே இறக்கினார், நான்கு உருளை வைத்த பலகை ஒன்றும் செய்து தந்தார். பிறகு திரும்பிப் பாராமல் நடந்தார். பார்த்திருந்தால் போயிருக்கமாட்டார்.

முதல் சோறு கருகியது. கை சுட்டது. ஐப்பசி மழையில் பலகை வழுக்கிச் சேற்றில் கவிழ்ந்தார். “அண்ணனோட போயிருந்தா இந்தக் கஷ்டம் உண்டா?” என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். அம்மையார் சேற்றை வழித்தெறிந்துவிட்டுப் பலகையை நிமிர்த்தினார்.

தாமாகவே கோயில் வாசல்வரை வந்துவிட்டார். அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் படி குறுக்கே கிடந்தது. தமையனார் தோளில் இருந்தவரை அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு சரிவு அமைத்துத் தருமாறு கோயிலை நிர்வகிக்கும் மணியக்காரர் அம்பலவாணரிடம் வேண்டினார்.

“ஒருத்திக்காகக் கோயில் வாசலையே மாத்தணுமா? நாலு பேரு தூக்கிவிட்டா உள்ள போயிடலாமே!”

“தூக்கிவிட்டா சாமியைப் பாக்கலாங்க. நான் வந்தேன்னு சொல்ல முடியாதுங்களே.”

மணியக்காரர் நகைத்து அகன்றார். ஏழு ஆண்டுகள் அம்மையார் அந்தப் படியருகே அமர்ந்தே தொழுதார். அங்கிருந்து சந்நிதி தெரியாது. தீபாராதனையின்போது உள்ளே ஒரு தூணில் மட்டும் வெளிச்சம் படும். அந்தத் தூணை நோக்கிக் கைகூப்புவார். வெளிச்சம் அடங்கிய பின்பும் கைகள் இறங்கா.

ஒரு பங்குனிக் காலை, பூசை முடிந்து மண்டபத்தில் அம்பலவாணர் தனித்து நின்றார். கருவறைப் பக்கமிருந்து முதியவர் ஒருவர் கைகளை ஊன்றித் தவழ்ந்து வந்தார்.

“எங்கே போறீர் பெரியவரே?”

“வெளியே பூங்கோதை ஏழு வருஷமாக் காத்திருக்கா. பாக்கப் போறேன். படிதான் இறங்க முடியல.”

“தூக்கிவிடட்டுமா?”

“தூக்கிவிட்டா, நான் போனதாகுமா?”

அம்பலவாணர் திகைத்துக் குனிந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. உள்ளே அர்ச்சகர் அலறும் குரல் கேட்டது. உற்சவமூர்த்தியின் உள்ளங்கைகளில் ஈரமண் ஒட்டியிருந்தது.

மணியக்காரர் வாசலுக்கு ஓடி, அம்மையார் முன் மண்ணில் விழுந்தார். “தாயே, வழியை மறிச்சவன் நான்தான்” என்று அழுதார். மறுநாளே கல்தச்சர்கள் வந்தார்கள்.

சரிவு முடிந்த அன்று ஊரே இருபுறமும் நின்றது. யாரும் கைகொடுக்கவில்லை. அம்மையார் ஏறினார், பாதியில் பலகை பின்னுக்குச் சரிந்தது, மூச்சு வாங்கி மறுபடி ஏறினார். சந்நிதி முன் பலகையை நிறுத்திக் கைகூப்பினார். பிறகு மெல்லச் சொன்னார்:

“வந்துட்டேன், சாமி.”

கருவறை விளக்குகள் அத்தனையும் ஒருமுறை நிமிர்ந்து எரிந்தன. ஆண்டவனையே எழுந்து வரச்செய்த அம்மையாரின் ஏக்கம் நம் நெஞ்சிலும் ஒரு துளி ஊறுவதாக.